கடல் தாண்டியவரின் வாக்கு

2024 மக்களவைத் தேர்தலுக்கு வெளிநாடு வாழ் வாக்காளர்களாகப் பதிவு செய்திருந்த இந்தியர்கள் 1,19,374 பேர். அவர்களில் ஊருக்கு வந்து வாக்களித்தவர்கள் 2,958 பேர்தான். அந்த 2,958 பேரிலும் 2,670 பேர் கேரளத்துக்காரர்கள். மற்ற மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து முன்னூறு பேரைக்கூடத் தரவில்லை. இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாடுகளில் வாழ்பவர்கள் ஒன்றரைக் கோடிக்கும் மேல் என்கிறது வெளியுறவு அமைச்சகம். அந்தக் கடலில் இது ஒரு துளிகூட இல்லை.

பிழைக்கப் போனவருக்கு ஊர் அரசியலில் என்ன அக்கறை என்று கேட்டு இதை முடித்துவிடலாம். ஆனால் வளைகுடாவின் எந்த லேபர் கேம்ப்பிலும் வாக்கு எண்ணும் நாளன்று போய்ப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 2024 ஜூன் 4 செவ்வாய்க்கிழமை, வேலை நாள். சாரத்தில் நிற்பவரும் மெஸ்ஸில் சோறு வடிப்பவரும் கைப்பேசியில் சுற்றுக்குச் சுற்று நிலவரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராமநாதபுரத்தில் யார் முன்னணி, தென்காசியில் எவ்வளவு வித்தியாசம் என்று ஊரில் இருப்பவரைவிட அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். அக்கறை இருக்கிறது, வாக்குப் போட வழியில்லை. இந்தக் கட்டுரையின் விஷயமே அந்த இடைவெளிதான்.

வெளிநாட்டில் வாழ்ந்தால்தான் வாக்குரிமையின் அருமை தெரியும் என்று பலரும் சொல்வதுண்டு. எப்படித் தெரிய வருகிறது என்பதைத்தான் நாம் போதுமான அளவு விசாரிக்கவில்லை. ஊர் நினைப்பும் தேர்தல் திருவிழாவைத் தவறவிட்ட ஏக்கமும் அதில் ஒரு சிறு பங்குதான். வாக்கில்லாத ஆளை ஒரு நிர்வாகம் எப்படி நடத்தும் என்பதை நேரடியாக அனுபவிப்பதே பெரும் பங்கு. தமிழர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. நூற்று முப்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அது தொடங்குவது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தக் கூலிகள் அதில்தான் முதன்முதலாக வந்து இறங்கினார்கள். பின்னாலேயே வணிகர்கள் வந்தார்கள். அன்றைய நேட்டாலில் 50 பவுன் மதிப்புள்ள அசையாச் சொத்து வைத்திருப்பவரோ, ஆண்டுக்கு 10 பவுன் வாடகை கொடுப்பவரோ வாக்காளராகலாம். நிறத்தடை எழுத்தில் இல்லை. ஆனாலும் 1895-இல் காந்தி எழுதிய துண்டுப்பிரசுரத்தின் கணக்குப்படி வாக்காளர் பட்டியலில் இருந்த ஐரோப்பியர் 9,309 பேர், இந்தியர் 251 பேர் மட்டுமே. இந்த 251 பேரைக் கண்டுதான் குடியேற்ற அரசு அஞ்சியது. 1893-இல் தன்னாட்சி கிடைத்த உடனே அது கையில் எடுத்த வேலைகளில் ஒன்று, இந்தியர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கும் மசோதா.

வழக்கறிஞராக வந்த வழக்கு முடிந்து ஊர் திரும்பவிருந்த காந்தி, பிரிவுபசார விருந்தில் நாளிதழ் ஒன்றைப் புரட்டியபோது இந்தச் செய்தியைக் கண்டார், பயணத்தைத் தள்ளிப்போட்டார் என்பதை நாம் பள்ளிப்பாடத்திலேயே படித்திருக்கிறோம். அடுத்து நடந்ததுதான் என்னைக் கவர்கிறது. காலனி நாடுகள் அமைச்சர் ரிப்பன் பிரபுவுக்கு அனுப்பிய மனுவில் இரண்டே வாரத்தில் பத்தாயிரம் கையெழுத்துகள் சேர்ந்தன. மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுதாகப் புரியாத ஒருவரிடமும் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது காந்தி வகுத்த விதி. ஊர் ஊராகப் போன தொண்டர்கள் ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொன்ன பிறகே கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்திட்ட பத்தாயிரம் பேரில் மிகப் பெரும்பாலானோர் வாக்காளர்கள் அல்லர். தங்களுக்குக் கிடைக்காத, கிடைக்க வாய்ப்பும் இல்லாத ஓர் உரிமைக்காக அவர்கள் கைநாட்டு வைத்தார்கள். 251 பேரின் வாக்கு போனால் தங்கள் எல்லாருக்கும் என்ன ஆகும் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

அந்தப் பயம் வீண்போகவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் எழுதாமல் நேட்டாலிலேயே தங்கும் கூலி ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 3 பவுன் கட்ட வேண்டும் என்ற சட்டம் 1895-இல் வந்தது. முதலாண்டில் ஒப்பந்தக் கூலியின் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். அப்படியென்றால் 3 பவுன் ஆறு மாதச் சம்பளம். இந்தியக் கூலிகளிடம் வாக்கு இருந்திருந்தால் எந்தச் சட்டமன்றமும் இப்படி ஒரு வரியைக் கனவிலும் நினைத்திருக்காது. 1894-இல் முன்பற்கள் உடைந்து, வாயில் ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காந்தியின் அலுவலகத்துக்குள் வந்து நின்ற பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி அந்த உலகத்தைச் சேர்ந்தவர். அடித்த முதலாளி டர்பனில் பிரபலமான வெள்ளைக்காரர். பாலசுந்தரத்தின் சார்பில் கேள்வி கேட்க வேண்டிய உறுப்பினர் என்று சட்டமன்றத்தில் ஒருவரும் இல்லை.

முதல் மசோதா இனத்தைப் பெயர் சொல்லி ஒதுக்கியதால் லண்டன் ஒப்புதல் தரவில்லை. 1896-இல் வந்த சட்டம் சாமர்த்தியமாக எழுதப்பட்டிருந்தது. நாடாளுமன்ற வாக்குரிமை அடிப்படையிலான தேர்தல் அமைப்புகள் இதுவரை இல்லாத நாடுகளைச் சேர்ந்தவர்களும் அவர்களது ஆண்வழிச் சந்ததியினரும் வாக்காளர் ஆக முடியாது என்றது அது. இந்தியர் என்ற சொல்லே அதில் இல்லை. சொந்த நாட்டில் வாக்கில்லாதவருக்கு வந்த நாட்டில் எதற்கு வாக்கு என்பதே அதன் வாதம். வாக்கில்லாமல் வாழ்வது உள்ளூரில் பழகிப்போன ஒன்றாக இருந்திருக்கலாம். கடல் தாண்டியதும் அதுவே நம் தலையில் அடிக்கும் ஆயுதமாக மாறியது. இந்தியாவில் வயதுவந்தோர் எல்லாருக்கும் வாக்கு என்ற எண்ணம் வலுப்பெற்ற கதையில் நேட்டாலின் இந்த அவமானத்துக்கும் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன்.

நேட்டாலின் கூலிகளுக்கு வாக்கே எட்டவில்லை. இலங்கை மலையகத்தில் அது கைக்கு வந்து பறிபோனது. வயதுவந்தோர் எல்லாருக்கும் வாக்குரிமை என்ற ஏற்பாட்டை டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1931-லேயே கண்ட நாடு இலங்கை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு மட்டும் ஐந்தாண்டு வதிவு போன்ற நிபந்தனைகளைக் கூடுதலாக வைத்தார்கள். அப்படியிருந்தும் லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பின் காம்பராவில் வசித்த ஆணும் பெண்ணும் கணிசமாக வாக்காளர் ஆனார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமானும் தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் வென்றார்கள். வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தன.

அந்த வெற்றியே ஆபத்தைக் கொண்டுவந்தது. சுதந்திரம் கிடைத்த ஆண்டே 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. வம்சாவளிப் பிரஜை என்று காட்டத் தகப்பனோ, தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்கு ஆதாரம் வேண்டும். தோட்டத்துச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயரும் கைநாட்டும் மட்டுமே உள்ள குடும்பம் பூட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போகும்? 1949-இல் பதிவின் மூலம் குடியுரிமை பெற வழிசெய்வதாகச் சொல்லி இன்னொரு சட்டம் வந்தது. மணமானவர்கள் ஏழாண்டும் மணமாகாதவர்கள் பத்தாண்டும் இடைவிடாமல் வசித்ததை அதன்படி நிரூபிக்க வேண்டும். இடையில் திருச்சிப் பக்கம் கோயிலுக்குப் போய் வந்த பயணமே பலருக்கு வினையாக முடிந்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள், சுமார் 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. அதே 1949-இல் நிறைவேறிய 48-ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜைகள் மட்டுமே வாக்காளர் ஆகலாம் என்று கதவைச் சாத்தியது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953-இல் தள்ளுபடியானது.

அவர்களை வெளிநாட்டில் வாழ்ந்தவர்கள் என்று நான் எழுதினால் மலையகத் தமிழர் ஒருவர் சினம் கொள்வது நியாயம். அவர்களில் பெரும்பாலோர் அங்கேயே பிறந்தவர்கள். அவர்களைப் பரதேசிகள் ஆக்கியது சட்டம்தான். 1952-ஐ நினைத்தால் இன்றைக்கும் மனம் கொதிக்கிறது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் சென்னை மாநிலம் முதல் பொதுத்தேர்தலில் வாக்களித்தது. புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் சேலத்திலும் நிலமற்ற கூலியும் அவர் மனைவியும் வாழ்வில் முதல் தடவையாக வரிசையில் நின்று வாக்குப் போட்டார்கள். சில மாதங்கள் கழித்து, மே மாதம், இலங்கையில் பொதுத்தேர்தல். அதே கூலியின் அண்ணனோ மாமன் மகனோ தலவாக்கலையில் கொழுந்து நிறுத்துக்கொண்டு நின்றார், பட்டியலில் பெயரில்லாமல். இலங்கை இந்தியக் காங்கிரஸ் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் செய்தும் பலனில்லை. ஏழு உறுப்பினர்கள் இருந்த இடத்தில் ஒருவரும் இல்லை.

வாக்கு போன பிறகு என்ன நடந்தது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. 1964 அக்டோபர் 30-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதர்களைப் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பத்து லட்சம் பேரில் ஒருவரிடமும் எங்கே வாழ விரும்புகிறீர்கள் என்று ஒப்பந்தத்துக்கு முன் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயம் எந்தப் பிரதமருக்கும் இல்லை. கொழும்பிலோ டெல்லியிலோ ஒரு வாக்கு குறைந்துவிடப் போவதில்லை. கப்பலேறி வந்தவர்களுக்காகவே 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இன்றும் அந்தக் குடும்பங்கள் வாழ்கின்றன.

மறுபுறமும் சொல்ல வேண்டும். குடியுரிமை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கிடைக்க, 1977-இல் நுவரெலியா–மஸ்கெலியா பல்லங்கத்தவர் தொகுதியில் தொண்டமான் மூன்றாவது உறுப்பினராக வென்றார். அடுத்த ஆண்டே அமைச்சரவையில் இருந்தார். கூலிப் பேச்சுவார்த்தையிலும் தோட்டப் பள்ளிக்கூடங்கள் விஷயத்திலும் அரசு காது கொடுக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அரசாங்கத்துக்குத் திடீரென மனிதநேயம் ஊறியதென்று நான் நம்பவில்லை. தோட்டத்தில் மறுபடியும் வாக்கு எண்ண வேண்டியிருந்தது. 2003-இல் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது, பறித்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி இன்றைய வளைகுடா. அங்கே வேலை பார்க்கும் தமிழருக்கு உள்ளூர் வாக்கு என்ற பேச்சே கிடையாது. குடியுரிமை கிடைக்காது, எத்தனை ஆண்டு இருந்தாலும் கஃபீல் என்னும் புரவலரின் பொறுப்பில் கிடைக்கும் இகாமா என்ற வதிவிட அனுமதி காலாவதியானால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆனால் தேர்தல் என்றால் என்னவென்று மிக அருகிலிருந்து பார்த்தவர்கள் அவர்களில் உண்டு. குவைத் பெண்களுக்கு 2005 மே மாதம் வாக்குரிமை கிடைத்தது. 2006 ஜூனில் அவர்கள் முதன்முறையாக நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார்கள். அவர்களை வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போய், ஐம்பது டிகிரியை எட்டும் வெயிலில் வண்டிக்குள் காத்துக்கிடந்தவர்களில் நம் ஊர் ஹவுஸ் டிரைவர்களும் இருந்தார்கள். வேட்பாளர்கள் திவானியா எனப்படும் வீட்டு வரவேற்புக் கூடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய் ஆதரவு கேட்பதையும், மின்கட்டணமும் கடன் தள்ளுபடியும் அங்கே பேசப்படுவதையும் கேட்டவர்கள் அவர்கள். 2024 மே 10 அன்று அமீர் அந்த நாடாளுமன்றத்தைக் கலைத்து, அரசமைப்பின் சில பிரிவுகளை நான்காண்டு வரை நிறுத்திவைத்ததையும் அதே ஓட்டுநர்கள் பார்த்தார்கள்.

சரி, ஊரில் உள்ள வாக்காவது இவர்களைக் காக்கிறதா? 2020 செப்டம்பரில் இந்திய அரசு, வளைகுடா வேலைகளுக்கான குறைந்தபட்சப் பரிந்துரை ஊதியத்தை 30 முதல் 50 விழுக்காடு வரை குறைத்துச் சுற்றறிக்கை விட்டது. கொரோனாவில் வேலை இழந்தவர்கள் விமானக் கட்டணத்தைத் தாங்களே கட்டி ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. இந்தியத் தொழிலாளி விலை கூடினால் வேறு நாட்டுக்காரரை எடுத்துவிடுவார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போன பிறகு, 2021 ஜூலையில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. உள்ளூரில் எந்தத் தொழிலுக்காவது குறைந்தபட்சக் கூலியை ஒரே தாளில் பாதியாக்கிவிட்டு ஒரு கட்சி தேர்தலுக்குப் போக முடியுமா? இது லட்சக்கணக்கான குடும்பங்களைத் தொட்ட முடிவு. ஆனால் அதைப் பற்றி எந்தத் தேர்தல் மேடையிலும் பேச்சில்லை. நேட்டாலின் 3 பவுன் வரி எனக்கு இங்கேதான் நினைவுக்கு வருகிறது. கொடுமையின் அளவில் இரண்டும் ஒன்றல்ல. ஆனால் கேள்வி கேட்கும் இடத்தில் ஆளில்லை என்ற துணிச்சல் இரண்டிலும் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950-இன்படி, ஒரு தொகுதியில் ‘வழக்கமாக வசிப்பவர்’ மட்டுமே அங்கே வாக்காளர். பிழைப்புக்காக ஆண்டுக்கணக்கில் வெளியே இருப்பவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். 2010-இல் கொண்டுவந்த திருத்தம் 20ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 2011 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. வேறு நாட்டுக் குடியுரிமை பெறாத இந்தியர், கடவுச்சீட்டில் உள்ள ஊர் முகவரியைக் காட்டிப் படிவம் 6ஏ மூலம் பதிவு செய்யலாம். பூத் பட்டியலின் கடைசியில் தனிப்பகுதியில் அவர் பெயர் வரும். வாக்காளர் அட்டை கிடையாது. அசல் கடவுச்சீட்டோடு அதே சாவடிக்கு நேரில் வந்து நிற்க வேண்டும். 1952-இல் நாமக்கல் தேர்தல் அலுவலர் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாக்களிப்பதும் போட்டியிடுவதும் சட்டம் தந்த உரிமைகள், அந்தச் சட்டம் வைக்கும் வரம்புகளுக்கு உட்பட்டவை என்று சொன்னது. அந்த வரம்பு இங்கே விமான டிக்கெட்டாக வந்து நிற்கிறது.

2024-இல் தமிழ்நாட்டுக்கு வாக்குப்பதிவு ஏப்ரல் 19. வளைகுடாவில் ரமலான் பெருநாள் அதற்கு ஒன்பது நாள் முன்பு. விடுப்பு கிடைத்தவர்கள் பெருநாளைக்கு வந்துவிட்டுப் போயிருந்தார்கள், கிடைக்காதவர்களுக்குத் தேர்தலுக்கென்று யார் விடுப்புத் தருவார்கள்? இரண்டு மாதச் சம்பளத்தில் டிக்கெட் எடுத்து, ஒரு விரலில் மை வைத்துக்கொண்டு திரும்பிப்போகச் சொல்வது ஒரு கட்டடத் தொழிலாளியிடம் கேட்கக்கூடிய காரியமல்ல. கேரளத்தார் மட்டும் எப்படி வருகிறார்கள் என்று கேட்கலாம். அங்கே பிரவாசி அமைப்புகள் முனைந்து பெயர் சேர்க்கின்றன. முஸ்லிம் லீகின் வளைகுடா அமைப்பான கேஎம்சிசி தேர்தலுக்காகவே கூட்டமாக விமான இருக்கைகளை ஏற்பாடு செய்கிறது. அப்படியும் 89,839 பேரில் 2,670 பேர்தான் வந்தார்கள்.

அதே துபாயில், அதே கட்டடத்தில் பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரரைப் பாருங்கள். அவர்கள் நாட்டு அரசமைப்பே வெளிநாட்டில் உள்ளோர் வாக்களிக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது. 2003-இல் அதற்கான சட்டம் இயற்றினார்கள், 2004 முதல் வாக்களிக்கிறார்கள். 2022 அதிபர் தேர்தலுக்கு ஏப்ரல் 10 முதல் மே 9 வரை ஒரு மாதம் தூதரகங்கள் வாக்குச்சாவடிகளாக இயங்கின. சுமார் 17 லட்சம் பேர் வெளிநாடுகளில் பதிவு செய்திருந்தார்கள், ஐந்தில் இரண்டு பங்கினர் வாக்களித்தார்கள். விடுமுறை நாளில் வரிசையில் நின்றுவிட்டு, மறுநாள் மை விரலோடு வேலைக்கு வரும் ஒரு செவிலியரைப் பார்க்கும் தமிழ்ச் செவிலியருக்கு, தன் வாக்கைப் பற்றி எந்தப் பிரசங்கமும் தேவையில்லை.

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். புதுச்சேரிக்கு வந்தால் போதும். 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்படைப்பு உடன்படிக்கை உறுதியான பின், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்ற ‘சொல்தா’ குடும்பங்களும் அவர்களின் வழிவந்தவர்களும் இன்றும் சில ஆயிரம் பேர் இங்கே வாக்காளர்கள். 2022 ஏப்ரலில் பிரெஞ்சு அதிபர் தேர்தலின் இரு சுற்றுகளுக்கும் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் சென்னையிலும் சாவடி திறந்தார்கள். வேட்டியும் சேலையுமாக வந்து சீட்டை உறையில் போட்டுப் பெட்டிக்குள் இட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பினார்கள். வெளிநாட்டுப் பிரெஞ்சுக்காரர்களுக்கென்று 2012 முதல் பதினோரு நாடாளுமன்ற உறுப்பினர்கள் உண்டு. இந்தியா பதினோராவது தொகுதிக்குள் வருகிறது. சில ஆயிரம் பேருக்காகக் காரைக்காலில் ஒரு நாட்டால் வாக்குப்பெட்டி வைக்க முடிகிறது. காரைக்காலிலிருந்து துபாய் போன இந்தியருக்காக அங்கே ஒரு பெட்டி வைக்க அவர் நாட்டால் முடியவில்லை.

இன்னொரு முரண் லண்டனில் இருக்கிறது. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் சட்டப்படி பிரிட்டனில் வசித்தால், நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். மதுரையிலிருந்து படிக்கப் போன மாணவிக்கும், யாழ்ப்பாணத்திலிருந்து போனவருக்கும் இது பொருந்தும். இந்த வீட்டில் வாக்களிக்கத் தகுதியுள்ளோர் யார் என்று உள்ளூர் மன்றம் கடிதம் போட்டுக் கேட்கும். தேவாலயக் கூடத்தில் நூலில் கட்டித் தொங்கும் பென்சிலால் அவர் சிலுவைக்குறி இட்டுவிட்டு வரலாம். நியூசிலாந்தில் நிரந்தர வதிவிட உரிமையோடு ஓராண்டு வசித்தால் போதும். நேட்டால் சட்டத்தின் அடியாழத்தில் இருந்த வாதத்துக்கு நேர் எதிரான ஏற்பாடு இது. ஒருவர் வாழும் இடத்தின் பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் அவருக்குப் பங்கு இருக்கும்போது, அங்கே ஒரு குரலும் இருக்கட்டும் என்று அந்த நாடுகள் நினைக்கின்றன.

இந்தியாவில் எதிர்வாதம் பேசுபவர்கள் எல்லாரும் வம்புக்குப் பேசுவதாக நான் நினைக்கவில்லை. கேம்ப்பில் இருப்பவர் வாக்கை முதலாளியோ ஏஜென்ட்டோ மொத்தமாக வாங்கிவிடலாம் என்ற பயம் உண்மையானது. தபாலில் வரும் வாக்குச்சீட்டை மேஸ்திரியின் கண்முன்னே நிரப்ப நேர்ந்தால் ரகசியம் எங்கே? அரசியல் கூட்டத்துக்கே அனுமதியில்லாத நாட்டில் பிரச்சாரம் எப்படி? இந்த அடிப்படையில் பார்த்தால் 2018 ஆகஸ்ட் 9-இல் மக்களவை நிறைவேற்றிய பதிலாள் வாக்கு மசோதாவை நான் ஏற்க மாட்டேன். ஊரில் ஒருவரை நியமித்து என் வாக்கைப் போடச் சொல்வது, பெரும்பாலான வீடுகளில் மனைவியின் வாக்கைக் கணவரின் கட்சிக்கும், தம்பியின் வாக்கை அண்ணனின் கட்சிக்கும் எழுதிவைப்பதாகவே முடியும். மாநிலங்களவையில் நிறைவேறாமல், 2019-இல் மக்களவை கலைந்ததோடு அது காலாவதியானது நல்லதே.

இங்கே வாழாதவர் இங்கே வாழ்பவரின் தலைவிதியை எழுதலாமா என்பது கனமான கேள்வி. பிரிட்டன் பதினைந்தாண்டு, கனடா ஐந்தாண்டு என்று எல்லை வைத்திருந்தன. கனடாவில் 2019-இல் உச்ச நீதிமன்றமும், பிரிட்டனில் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டமும் அவற்றை நீக்கின. என் முடிவு வேறு. கலிபோர்னியாவில் வீடு வாங்கிக் குடியுரிமைக்கு வரிசையில் நிற்பவரின் கோரிக்கையையும், ஷார்ஜாவில் எட்டுப் பேர் அறையில் படுத்துக்கொண்டு மாதாமாதம் பணம் அனுப்புபவரின் கோரிக்கையையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். வளைகுடாத் தொழிலாளி திரும்பி வந்தே தீருவார். பிள்ளை படிக்கும் பள்ளி, பெற்றோர் போகும் ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை, கடைசிக் காலத்தில் அவரே போய் நிற்கப்போகும் அரசு மருத்துவமனை எல்லாம் அந்தத் தொகுதியில்தான் இருக்கின்றன. விளைவுகளைச் சுமக்காதவர் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் ஒட்டாது.

2025 டிசம்பர் 19-இல் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அவற்றில் 66 லட்சத்துக்கும் மேல் இடம்பெயர்ந்தவர், முகவரியில் இல்லாதவர் என்ற கணக்கில் போனவை. வெளிநாட்டில் இருந்தபடியே ஊர்ப் பட்டியலில் பெயர் வைத்திருந்தவர்களுக்கு இதன் பொருள் என்ன என்று அவரவர் குடும்பம் இணையத்தில் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. இனி அவர்களுக்குச் சட்டப்படியான வழி படிவம் 6ஏ. பதிவு செய்வோர் எண்ணிக்கை உயரும். அவர்களை மறுபடியும் டிக்கெட் எடுக்கச் சொல்வதா என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

தேர்தல் ஆணையம் இதற்கு ஆயத்தமாக இல்லை என்றும் சொல்ல முடியாது. படையினருக்கு வாக்குச்சீட்டை மின்வழியில் அனுப்பி, தபாலில் திரும்பப் பெறும் முறை ஏற்கெனவே நடப்பில் இருக்கிறது. அதை வெளிநாடு வாழ் வாக்காளருக்கும் விரிவாக்கத் தொழில்நுட்ப அளவிலும் நிர்வாக அளவிலும் தயார் என்று 2020 நவம்பரில் ஆணையமே சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. 2021 தமிழ்நாடு, கேரளத் தேர்தல்களிலேயே செய்யலாம் என்றது. செய்யவில்லை. அந்த முறையைவிடத் தூதரகச் சாவடி எனக்கு ஏற்புடையது. திரைக்குப் பின்னால் தனியாக நின்று போடும் வாக்கை மேஸ்திரியால் எட்டிப்பார்க்க முடியாது. எல்லா நாடுகளிலும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டியதில்லை. வளைகுடாவின் ஆறு நாடுகள், அங்குள்ள தூதரகங்கள், துணைத் தூதரகங்கள், வாக்குப்பதிவுக்கு முந்தைய இரண்டு மூன்று வார விடுமுறை நாட்கள், மக்களவைத் தேர்தல் மட்டும் என்று தொடங்கலாம். படிவம் 6ஏ-யைக் கடவுச்சீட்டுப் புதுப்பிக்கும் அதே ஜன்னலில் வாங்கிக்கொள்ளலாம். அடுத்த மக்களவைத் தேர்தல் 2029-இல். அதற்குள் சட்டத்தில் மாற்ற வேண்டியது, ஊர்ச் சாவடிக்கே நேரில் வர வேண்டும் என்ற அந்த ஒரு நிபந்தனைதான்.